டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா, பார்த்தீர்களா?



சென்ற இதழில் வீட்டு முதலுதவிப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை காருக்கு முதலுதவி. "குழம்பும் கஷாயமும் எழுதுகிறவளுக்கு டயர் எதற்கு?" என்று சிரிக்க வேண்டாம். இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் கார் ஓட்டி வருகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். பின் சீட்டில் குழந்தை, பக்கத்தில் மாமியார், டிக்கியில் மளிகை. அந்த நேரத்தில் டயர் காற்று இறங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தானே.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும் உங்கள் காரின் டிக்கியைத் திறந்து, அடியில் விரித்திருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஒரு முழு டயர் படுத்திருந்தால் நல்லது. அதற்குப் பதிலாக டிபன் பாக்ஸ் அளவில் ஒரு காற்றடிக்கும் கருவியும், ஷாம்பூ பாட்டில் போல ஒரு பாட்டிலும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இரண்டுமே இல்லை என்றால் இன்றே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கலாமா என்று என் அக்காள் சண்டைக்கே வந்துவிட்டாள். விற்கலாம். 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயர், காற்று குறைந்தால் ஓட்டுகிறவருக்குச் சொல்லும் கருவி, பஞ்சரைத் தற்காலிகமாக அடைக்கும் சாமான், இந்த மூன்றும் கொடுத்துவிட்டால், மூன்றரை டன் வரையிலான பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. 2020 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மின்சாரக் காரில் பெரிய பாட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அதனால்தான் மின்சாரக் கார்கள் பலவற்றில் டயரைக் காணோம். சி.என்.ஜி. கார் வாங்குகிறவர்களும் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்த பிறகு ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, அதைத் தனியாக ஒரு பெண் வெளியே எடுக்க முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கலர், பாட்டுப் பெட்டி எல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நாம் இத்தனை காலமாக "ஸ்டெப்னி, ஸ்டெப்னி" என்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர்! இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஒரு மாற்றுச் சக்கரம் செய்தார்கள். அதற்கு முன் கார்களில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. பஞ்சரானால் நடுத்தெருவில் டயரை நெம்பி எடுத்து ஒட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வட்டம். காற்றடித்த டயரோடு இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் மேல் பூட்டிவிட்டு வண்டியை ஓட்டிப் போகலாம். அந்தச் சக்கரம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் பெயர் நம் ஊர்ப் பஞ்சர் கடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் ஸ்கூட்டர் விஷயமும் இதே கதைதான். அந்த நாளைய சேத்தக் ஸ்கூட்டரில் பின்னால் ஒரு சக்கரம் தொங்கும். இன்றைக்கு நாம் ஓட்டும் ஸ்கூட்டர்களில் அது எங்கே?

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகளுக்கு நடந்தது இது. அவள் சரவணம்பட்டியில் குடியிருக்கிறாள். சின்ன மின்சாரக் கார். சென்ற ஐப்பசியில் அன்னூர்ப் பக்கம் ஒரு சீருக்குப் போய்விட்டு, மூன்று வயதுக் குழந்தையோடும் மாமியாரோடும் சத்தி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தாள். இரவு ஏழரை மணி. கோவில்பாளையம் வருவதற்கு முன்னால் "டப டப" என்று சத்தம், ஸ்டீரிங் இடது பக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கமும் காடு தோட்டம், வெளிச்சம் இல்லை, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் விளக்கு தெரிந்தது. நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, ஓரமாக, நடக்கிற வேகத்தில் அரைக் கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே போய்ப் பங்குக்குள் நிறுத்திவிட்டாள். அதற்குள் டயரின் பக்கச்சுவர் நார் நாராகிவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, பிரிக்காத ஒரு டப்பா மட்டும் இருந்தது. வண்டியைக் கொடுத்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பங்க்கில் இருந்தவர்கள் நாற்காலி போட்டு, குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கார் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, தட்டு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு வீடு சேரப் பத்தரை மணி.

மறுநாள் புது டயருக்கு ஐயாயிரத்துச் சொச்சம். வீட்டில் ஆரம்பித்துவிட்டது. "அங்கியே நிறுத்தியிருந்தா டயரு தப்பிச்சிருக்குமல்லோ? ஓட்டித் தேச்சுப் போட்டயே அம்மிணி" என்று மாமனார் சொல்ல, மாப்பிள்ளையும் தலையாட்ட, இவள் என் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். "பெரியம்மா, நான் இனி காரே எடுக்க மாட்டேன்" என்றாள்.

அவள் செய்ததுதான் சரி என்பேன். உடனே நிறுத்தி, அந்தப் பாட்டிலைப் பயன்படுத்தியிருந்தால் டயர் தப்பியிருக்கலாம், மறுக்கவில்லை. டயரைக் குத்தியது லேத் பட்டறையில் சீவி விழும் இரும்புச் சுருள். மெத்தைப் பக்கத்தில்தான் குத்தியிருந்தது. ஆனால் வெளிச்சம் இல்லாத இடத்தில், லாரி போகிற ஓரத்தில், கைக்குழந்தை மாதிரி ஒன்றையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு, இதுவரை பிரித்தே பார்க்காத டப்பாவை எடுத்து அவள் குந்தி உட்கார்ந்திருக்க வேண்டுமா? டயர் கடையில் கிடைக்கும். இருட்டு, தனிமை, வேகமாகப் போகும் வண்டிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் டயரைப் பற்றி யோசிக்காமல் வெளிச்சமும் மனிதர்களும் இருக்கும் இடத்துக்கு மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். டீக்கடை போதும், கோயில் வாசல் போதும். வெகுதூரம் இல்லாமல், பத்துப் பதினைந்து வேகத்தில்.

இன்னொன்றும் அன்றைக்கு வெளியே வந்தது. அந்த மஞ்சள் விளக்கு பத்து நாளாகவே எரிந்துகொண்டிருந்ததாம். "அது சென்சார் கோளாறு, அப்படித்தான் எரியும்" என்றாராம் மாப்பிள்ளை! அந்த விளக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அடி தட்டையான சட்டியின் குறுக்கு வெட்டுப் போல ஒரு படம், நடுவே ஓர் ஆச்சரியக்குறி. பெரும்பாலான கார்களில் அது நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். வண்டியை எடுத்ததும் ஒரு நிமிஷம் போல மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால்தான் கருவியில் கோளாறு. சரியாகக் காற்றடித்த பிறகும் அணையவில்லையா? சில கார்களில் ஒரு பட்டனை அழுத்திப் புது அளவைப் பதிவு செய்ய வேண்டும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்கிறீர்களா? நாம் படிப்போமே! புது மிக்ஸி வாங்கினால் முதலில் புத்தகத்தைப் பிரிக்கிறவர் வீட்டில் யார்?

டயர் திடீரென்று இறங்கினால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, வண்டி சுழன்றுவிடும். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வேகம் தானே குறையக் குறைய இடது ஓரம் ஒதுங்குங்கள். நான்கு விளக்குகளும் மினுங்கட்டும். கைப் பிரேக் போடுங்கள். குழந்தைகளை இடது பக்கக் கதவு வழியாகத்தான் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு காருக்குப் பின்னால் நிற்க வைத்துவிடாதீர்கள். அவினாசி ரோடு, சேலம் ரோடு போன்ற பெரிய சாலையில் தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம், காரை விட்டு விலகி நிற்க வேண்டும். பின்னால் வரும் லாரி முதலில் மோதுவது நிற்கும் காரைத்தான். காரில் சிவப்பு முக்கோணம் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைக் காருக்குப் பின்னால் 50 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நம் நடைக்கு எழுபது எண்பது எட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். திம்பம் மலைப்பாதை போன்ற காட்டு வழியில் மட்டும் இது பொருந்தாது. அங்கே 27 கொண்டை ஊசி வளைவு, யானை நடமாட்டம் வேறு. வளைவில் நிற்காமல், இறங்காமல், அடுத்த சோதனைச் சாவடிவரை உருட்டுவதே நல்லது.

இப்போது அந்த டப்பா. அதில் இருப்பது மருந்து அல்ல, கட்டுப் போடும் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். பாட்டிலில் ரப்பர் பால் போன்ற ஒரு திரவம் இருக்கும். டயருக்குள் போய் ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தரையில் உருளும் மெத்தைப் பக்கத்தில், ஆணி குத்திய அளவு ஓட்டைக்கு, அதாவது 4 அல்லது 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அது பிடிக்கும். பக்கச்சுவர் கிழிந்ததற்கும், பள்ளத்தில் விழுந்து வட்டு நெளிந்ததற்கும், காற்றில்லாமல் வெகுதூரம் ஓடிய டயருக்கும் அது உதவாது.

ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள்! கையில் முள் குத்தினால் உடனே எடுப்போமே, அந்தப் பழக்கம் இங்கே கூடாது. ஆணிதான் இப்போது அடைப்பான். முதலில் பாட்டில் இல்லாமல் வெறும் காற்று மட்டும் அடித்துப் பாருங்கள். ஆணி அப்படியே இருந்து மெதுவாகக் கசிகிற பஞ்சர் என்றால், காற்று நின்று பக்கத்துக் கடைவரை போய்விடலாம். திரவமும் மிச்சம், டயரும் சுத்தம். இது என் அனுபவத்தில் மூன்று முறை நடந்திருக்கிறது. கணபதியில் குடியிருப்பவளுக்கு இந்த அனுபவத்துக்குப் பஞ்சமா? டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே திரும்பினால் சந்துக்குச் சந்து லேத் பட்டறை, இரும்புப் பிசிறு மழையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும்.

காற்று நிற்கவில்லையென்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, கருவியில் பொருத்தி, குழாயை டயரின் வால்வில் திருகுங்கள். ஒயரைக் காருக்குள் இருக்கும் சாக்கெட்டில் சொருகி, வண்டியை ஆன் செய்துவிட்டுப் பிறகு கருவியை ஓட்டுங்கள். முதலில் முள் சரசரவென்று ஏறும், பயப்பட வேண்டாம், திரவம் உள்ளே போகும்போது அப்படித்தான். பிறகு இறங்கி, நிதானமாக ஏறும். பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் கருவி சூடாகிவிடும். அதற்குள் காற்று ஏறவில்லையென்றால் ஓட்டை பெரிது. வண்டியை எடுக்காமல் உதவிக்குப் போன் செய்யுங்கள். ஏறிவிட்டால், "அப்பாடா" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும். சக்கரம் சுற்றினால்தான் திரவம் எங்கும் பரவும். நாலைந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி மறுபடி காற்றைப் பாருங்கள். வேகம் பெரும்பாலும் 80-க்கு மேல் கூடாது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். நம் சாலையில் குழந்தையோடு போகையில் ஐம்பது போதும் என்பது என் கட்சி. திரவம் சேலையில் பட்டால் கறை போகாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள்.

பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. இருமல் மருந்துக்குப் பார்ப்பது போல அதையும் பாருங்கள். தேதி போனது உள்ளேயே கட்டிதட்டிவிடும். பழைய கார் வாங்கியவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். முன்னாள் சொந்தக்காரர் அதைக் காலி செய்துவிட்டு வெறும் பாட்டிலை வைத்திருக்கவும் கூடும். ஒரு முறை பயன்படுத்தினால் புதிது வாங்கியாக வேண்டும்.

"அப்படியானால் ஒரு ஸ்டெப்னியே வாங்கி வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். வாங்கலாம், அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் வாங்குவது நல்லதுதான். ஆனால் டயரும் வட்டும் மட்டும் போதாது, ஜாக்கியும் ஸ்பானரும் சேர்த்து வாங்க வேண்டும். டிக்கியில் சும்மா போட்டால் பிரேக் அடிக்கும்போது பின் சீட்டை நோக்கிப் பாயும். இறுகக் கட்டி வைக்க வேண்டும். பாட்டரி காரின் அடிவயிற்றில் இருப்பதால், மின்சாரக் காருக்கு ஜாக்கியைக் குறித்துக் கொடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும். பஞ்சர் கடைத் தம்பி அவசரத்தில் எங்காவது கொடுக்கப் பார்ப்பார், "கண்ணு, புஸ்தகத்தப் பாத்து வைப்பா" என்று சொல்லிவிடுங்கள். இந்தக் காரைக் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். மோட்டார் பழுதாகும், தட்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

இதெல்லாம் வராமலிருக்க மாதம் இரண்டு முறை காற்றுப் பார்த்தால் பாதித் தொல்லை போகும். எத்தனை பவுண்டு என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒட்டியிருப்பார்கள். காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்ப்பதுதான் சரியான அளவு. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம், தயங்க வேண்டாம். ஒரே டயர் மட்டும் வாரா வாரம் இறங்குகிறதா? பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து டயர் மேலும் வால்வு மேலும் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். அந்தக் காலத்தில் சைக்கிள் டியூபை பேசினில் முக்கிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆறேழு வருஷமானதை, ஓடாவிட்டாலும், கடையில் காட்டிவிடுங்கள். பங்குனி சித்திரை வெயிலில் காற்றுக் குறைந்த பழைய டயர்தான் வெடிக்கும்.

எண்கள் சிலவற்றை ஒரு அட்டையில் எழுதி டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் எந்த உதவிக்கும் 1033. ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181. அதன் கீழே உங்கள் கார் கம்பெனியின் உதவி எண், உங்கள் பேட்டைப் பஞ்சர் கடைக்காரர் எண். போனில் சார்ஜ் இல்லாத நாளில்தான் டயர் போகும், அட்டைக்கு அந்தக் கவலை இல்லை.

தங்கை மகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வாசலுக்கு வரச் சொன்னேன். வேண்டுமென்றே ஒரு டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, குழாயைத் திருகி, காற்றடிக்க வைத்தேன், திரவத்தைத் தொடாமல். மாப்பிள்ளையும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். முதல் முறை இருபது நிமிஷம், இரண்டாம் முறை எட்டு. நீங்களும் ஒரு நாள் பகலில், வீட்டு வாசலில் செய்து பாருங்கள்.

கடைசியாக, பஞ்சர் கடையில் டயரைக் கொடுக்கும்போது உள்ளே திரவம் விட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் கழற்றினால் அவர் முகத்திலும் சட்டையிலும் தெறிக்கும். எங்கள் தெருக் கடைக்காரர் ஒரு முறை அப்படி நனைந்த பிறகு, இப்போதெல்லாம் டயரைக் கையில் வாங்குமுன்பே கேட்டுவிடுகிறார்: "ஏனுங்கம்மா, பால் ஊத்துனதுங்களா, ஊத்தாததுங்களா?"